கடைசியாக அடையும் கோழி

கொல்லைப்புறம்: வாசகர் கேள்வி, அக்கா பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோழிக் கூட்டைப் பற்றித்தான். பள்ளி விடுமுறை வந்ததும் வீட்டு ஆண்களெல்லாம் சுத்தியலைக் கையில் எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. முதல் கடிதம் கொஞ்சம் நீளம், என் பதிலும் நீளும். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அக்கா, எங்களுடையது பினாங்கு புக்கிட் மெர்தாஜாமில் மாமனார் காலத்துக் கம்பத்து (கிராமத்து) வீடு. பின்னால் 18 அடிக்கு 24 அடி காலி இடம் இருக்கிறது. இப்போது கம்பத்துக் கோழி நாலு பெட்டை, ஒரு சேவல். பண்ணையில் கழித்துவிட்ட பழுப்பு முட்டைக்கோழி மூன்று வாங்கினேன். மகள் கேட்டாள் என்று பஞ்சு மாதிரி இறகுள்ள சில்கிப் பெட்டை இரண்டு. மச்சான் கொடுத்த பிரம்மா என்கிற பெரிய இனக் கோழி ஒரு ஜோடி. தீபாவளிக்குள் செராமாக் குட்டிக் கோழி மூன்று வாங்க ஆசை. '12 கோழிக்கு ஏற்றது' என்று 4 அடிக்கு 6 அடியில் ஒரு கூண்டு விலைக்கு வருகிறது. வாங்கலாமா? எல்லாவற்றையும் ஒன்றாக விட்டால் சண்டை வருமா?
- வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: வேண்டாம் தம்பி, அந்தக் கூண்டை வாங்காதீர்கள்.

நாலை ஆறால் பெருக்கினால் 24 சதுர அடி. பகலில் வெளியே மேய இடம் இருக்கிற நடுத்தரக் கோழிக்கே இரவுக் கூட்டில் 4 சதுர அடி வேண்டும். அப்படியானால் அது ஆறு கோழிக்கான கூண்டு. விற்கிறவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டும் அசையாமல் நின்றால் நிற்கும், பினாங்குப் பாலத்தின் மேல் ஃபேக்டரி பஸ்ஸில் நாங்கள் முப்பது வருஷம் நின்ற மாதிரி. 2022-இல் கோழிக்குத் தட்டுப்பாடு வந்து, ஜூன் 1 முதல் மலேசிய அரசாங்கம் ஏற்றுமதியையே நிறுத்தியது ஞாபகம் இருக்கும். அந்த வருஷம் எங்கள் தாமானில் மூன்று வீட்டில் இதே மாதிரி கூண்டு வந்து இறங்கியது. இன்றைக்கு ஒன்றில் பூந்தொட்டி இருக்கிறது, ஒன்றில் பழைய சைக்கிள். மூன்றாவதில்தான் கோழி, அதுவும் நாலே நாலு.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். செராமாவை முதலில் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். ஆசைப்பட்டால் வாங்குங்கள், ஆனால் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கிளந்தானிலிருந்து வந்த அந்தக் குட்டிக் கோழி அரைக் கிலோ கூட இருக்காது. உங்கள் பிரம்மாச் சேவல் ஐந்து கிலோவைத் தொடும். பிரம்மா கோபப்படக்கூட வேண்டியதில்லை, கவனிக்காமல் ஒரு கால் வைத்தால் போதும். செராமாவுக்கு வீட்டோரமாகத் தனிக் கூண்டு, ஒன்றுக்கு 2 சதுர அடி, அதோடு முடிந்தது.

மீதி பன்னிரண்டு. கம்பத்துக் கோழி ஐந்தும் முட்டைக்கோழி மூன்றுமாக எட்டு, தலைக்கு 4 என்றால் 32. சில்கி இரண்டுக்கு மும்மூன்று, 6. பிரம்மா இரண்டுக்கு ஆறாறு, 12. ஆக 50 சதுர அடி. நீங்கள் 6 அடிக்கு 10 அடியாகக் கட்டுங்கள். பத்து சதுர அடி மிச்சமாயிற்றே என்று நினைக்காதீர்கள். சில்கி மாதிரி அடைக்கு உட்காரும் கோழி வேறு கிடையாது. அது உட்காரும்போது அந்த மிச்ச இடத்தைத் தடுத்துக் கொடுப்பீர்கள். பகலில் மேய அடைப்பு தலைக்கு 10 சதுர அடி, பிரம்மாவுக்கு 15, ஆக 130. நான் 12 அடிக்கு 14 அடி சொல்வேன். கூடும் அடைப்பும் சேர்ந்து உங்கள் இடத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல் போகும். மீதி உங்கள் வீட்டம்மா துணி காயப்போட.

இவ்வளவும் எண் கணக்கு. எண் சரியாக இருந்தும் நான் தோற்றிருக்கிறேன், அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில மாதம்தான் ஆகியிருந்தது. பாயான் லெப்பாஸில் நான் பார்த்தது தரச் சோதனை வேலை. எதையும் அளந்து பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. சிம்பாங் அம்பாட் வீட்டுக்குப் பின்னால் ஒன்பது கோழிக்கு 60 சதுர அடியில் கூடு கட்டினோம். தாராளம். கம்பத்துக் கோழி ஏழு, சில்கி இரண்டு. மூன்றாம் வாரம் ஒரு விடியற்காலை கதவைத் திறந்தால் எட்டுதான் வெளியே வந்தன. ஒன்பதாவது ஒரு சில்கி, முட்டைப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில், என் வீட்டுக்காரர் "சும்மா ஒரு ஒன்பது அங்குலம்" விட்டிருந்த இடுக்கில் தலையைச் செருகிக்கொண்டு நின்றது. பின்மண்டையில் தோலே இல்லை. வெள்ளை இறகெல்லாம் பழுப்பாகக் காய்ந்து கிடந்தது. அது உயிரோடுதான் இருந்தது, சத்தம்கூடப் போடவில்லை.

சில்கிக்குக் கண்ணை மறைக்கிற கொண்டை இறகு, மேலேயிருந்து வருகிற கொத்து தெரியாது. அதில் சிலவற்றுக்கு உச்சி மண்டை எலும்பு முழுதாக மூடியிருக்காது, நம் கைக்குழந்தைக்கு உச்சிக்குழி இருக்குமே, அந்த மாதிரி. ஓடத் தெரிந்த கோழி ஓடிவிடும். இது ஒதுங்கத்தான் பார்க்கும், ஒதுங்கிய இடம் முட்டுச்சந்தாக இருந்தால் தீர்ந்தது. மஞ்சள் மருந்து போட்டு ஒரு மாதம் சமையலறைப் பக்கம் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினேன். இறகு கோணலாக முளைத்து, அதற்கப்புறம் இரண்டு வருஷம் இருந்தது.

அன்றைக்குப் பின் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டுக்கொண்டு கூட்டுக்கு முன்னால் உட்கார ஆரம்பித்தேன். கோழி அடைகிற நேரம்தான் கூட்டின் குறையெல்லாம் தெரிகிற நேரம். முதலில் ஏறுகிறது யார், யாரை யார் கட்டையிலிருந்து தள்ளுகிறார்கள், கடைசியாக உள்ளே போகிறது யார், போய் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அந்தக் கடைசிக் கோழிக்கு இடம் இருந்தால்தான் கூட்டில் இடம் இருக்கிறது என்று அர்த்தம். 60 சதுர அடி என்பது மூத்த கோழிக்கு. என் சில்கிக்குக் கிடைத்தது ஒன்பது அங்குலம்.

அதனால் தம்பி, ஆணி அடிக்கும் முன்னால் இதைக் கவனியுங்கள். கூட்டுக்கு இரண்டு வாசல், எதிரெதிர் மூலையில். ஒன்றில் முரட்டுக் கோழி மறித்துக்கொண்டு நின்றால் மற்றதில் போகட்டும். பெட்டியோ தொட்டியோ, சுவரோடு ஒட்டி வையுங்கள், இல்லையென்றால் இரண்டு அடி தள்ளி வையுங்கள். நடுவாந்தரமான இடுக்கு ஆகாது. தீனித் தட்டு மூன்று, ஆறடி ஆறடி தள்ளி. நடுவில் ஒரு பழைய பிளைவுட் பலகையைச் சாய்த்து வையுங்கள். இந்தத் தட்டில் தின்கிற கோழி அந்தத் தட்டில் தின்கிற கோழியைப் பார்க்கக் கூடாது. பார்த்தால்தானே துரத்தும்.

அடைகிற கட்டையைப் படிக்கட்டு மாதிரி வையுங்கள். கம்பத்துக் கோழி உயரம் தேடும், விட்டால் மரத்தில் ஏறும். அதற்கு நாலடி உயரம், தலைக்கு 8 முதல் 10 அங்குலம். பிரம்மாவுக்கு ஓரடிக்கு மேல் வேண்டாம், தலைக்கு 14 அங்குலம். அந்த எடையோடு உயரத்திலிருந்து தினமும் குதித்தால் பாதம் வீங்கிப் புண்ணாகும். அதன் கட்டை நாலங்குலப் பலகையாக, தட்டைப் பக்கம் மேலே இருக்கட்டும். மற்றதற்கு இரண்டுக்கு இரண்டு சட்டம், விளிம்பை இழைத்துவிட்டால் போதும். சில்கி பறக்காது, தரையிலிருந்து ஒரு சாண் கட்டையே அதற்கு மாடி. படிக்குப் படி ஓரடி முன்தள்ளி வைக்க வேண்டும், இல்லையென்றால் மேல்வீட்டுக்காரர் கழிவது கீழ்வீட்டுக்காரர் தலையில். பண்ணைக் கோழி மூன்றையும் முதல் வாரம் நீங்களேதான் தூக்கி ஏற்றிவிட வேண்டியிருக்கும். கம்பிக் கூண்டிலேயே இருந்ததால் கட்டை என்றால் என்ன என்றே அவற்றுக்குத் தெரியாது. என்னிடம் வந்த ஒன்று நாலு நாள் கட்டையின் கீழேயே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

முட்டைப் பெட்டி மூன்று போதும், ஒவ்வொன்றும் நாலு பக்கமும் ஓரடி. ஒன்றைத் தரையில் சில்கிக்கு வையுங்கள். மற்ற இரண்டும் கம்பத்துக் கோழி அடைகிற கட்டையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். பெட்டி உயரமாக இருந்தால் கோழி அதிலேயே தூங்கி அசிங்கம் செய்துவிடும்.

சண்டை வருமா என்று கேட்டீர்கள். வரும். புதுக்கோழியை மூன்று நாலு வாரம் தனியாகத் தள்ளி வைத்து, நோய் இல்லை என்று தெரிந்தபின், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இரண்டு வாரம் பார்க்க விடுங்கள். பிறகு இருட்டினதும் கட்டையில் கொண்டுபோய் உட்கார வையுங்கள். காலையில் ஒரு வாரம் போல மிரட்டல், துரத்தல் இருக்கும், அது அவர்களுடைய குடும்ப விவகாரம். ரத்தம் கண்டால் மட்டும் அடிபட்டதைப் பிரித்துவிடுங்கள், சிவப்பைப் பார்த்தால் நல்ல கோழியும் கொத்தும்.

சேவல் விஷயத்தில்தான் நீங்கள் மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். உங்களிடம் பெட்டை பத்து. ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டை கணக்கு. இரண்டு சேவல் இருந்தால் பெட்டைகளின் முதுகு மொட்டையாகிவிடும். அதிலும் பிரம்மாச் சேவல் ஒரு கிலோ சில்கியின் மேல் ஏறுவதை நீங்கள் பார்க்க விரும்ப மாட்டீர்கள். மச்சானிடம் சேவலைத் திருப்பிக் கொடுங்கள். மச்சான் கோபித்துக்கொண்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கூட்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும், அப்போது காலை வெயிலும் மாலை வெயிலும் குட்டைப் பக்கத்தில்தான் விழும். மூன்று பக்கம் கம்பி வலை, சாரல் அடிக்கிற பக்கம் மட்டும் பலகை. கோழிக்கு வியர்க்காது, நம் ஊர் 32, 33 டிகிரியில் வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்கும். தகரக் கூரை போட்டால் அதற்கு அரையடி மேலே நர்சரியில் விற்கிற கறுப்பு வலையை இழுத்துக் கட்டுங்கள். கட்டும் முன்னால் ஒருமுறை, கட்டினபின் ஒருமுறை, மத்தியானம் இரண்டு மணிக்குத் தகரத்தின் அடியில் கையை நீட்டிப் பாருங்கள், நான் சொல்ல வேண்டியதே இல்லை. கூரை சுவரைத் தாண்டி இரண்டடி நீளட்டும். கூட்டுத் தரையை இரண்டடியாவது தூக்கிக் கட்டுங்கள். 2017 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் லோரோங்கில் முழங்கால் அளவு தண்ணீர். பக்கத்து வீட்டுப் பாட்டியின் கோழிகள் பிழைத்தது கூடு உயரத்தில் இருந்ததால்தான். பாட்டியையே நாங்கள் நாற்காலியோடு தூக்கினோம். வெள்ளம் இல்லாத நாளில் அந்த அடிப்பாகம் கோழிக்கு நிழல்.

கேள்வி: கூட்டில் எப்போதும் வாடை. வாரம் இரண்டு தடவை கழுவிவிடுகிறேன், அப்படியும் போகவில்லை. பக்கத்து வீட்டு ஆன்ட்டி முகத்தைச் சுளிக்கிறார்.
- வாசகி, சுங்கை பாக்காப்

பதில்: கழுவுவதால்தான் வாடை, தங்கச்சி. கோழி எச்சம் காய்ந்தால் நாறாது, நனைந்தால் நாறும். கழுவுவதை நிறுத்துங்கள். அரிசி ஆலையில் உமி கேளுங்கள், இல்லையென்றால் மரக்கடையில் சீவல் கேளுங்கள். நாலு அங்குலம் பரப்பி, வாரம் ஒருமுறை கிளறிவிட்டு, கட்டையின் அடியில் மட்டும் தினமும் அள்ளுங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் உருண்டையாக நிற்கக் கூடாது, உதிர வேண்டும். வாடை இருக்கிறதா என்று நின்றுகொண்டு மோந்து பார்க்காதீர்கள். குத்துக்கால் வைத்து உட்கார்ந்து கோழியின் மூக்கு இருக்கிற உயரத்தில் மோந்து பாருங்கள். அங்கே கண் எரிந்தால் கோழிக்கும் எரிகிறது. இவ்வளவு செய்தும் போகவில்லை என்றால் கோழி அதிகம், இடம் குறைவு. அப்போது குழம்புச் சட்டியை எடுங்கள்.

ஆன்ட்டிக்கு மாதம் பத்து முட்டை கொடுக்கிறீர்களா? கொடுங்கள்.

கேள்வி: கோழியோடு நாலு வாத்தும் ஒரே கூட்டில் விடலாமா? இரண்டு வான்கோழிக் குஞ்சும் ஒருவர் தருகிறார்.
- வாசகர், நிபோங் திபால்

பதில்: வாத்து பகலில் ஒரே தோட்டத்தில் மேயலாம், இரவில் தனி அறை. வாத்து தண்ணீரோடு பிறந்தது. நீங்கள் எவ்வளவு உமி போட்டாலும் ஒரே ராத்திரியில் சேறாக்கிவிடும், ஈரத்தில் கோழிக்குக் கழிச்சல் பிடிக்கும். வாத்துக்குக் கட்டை வேண்டாம், தரைதான், தலைக்கு 4 முதல் 6 சதுர அடி. ஆண் வாத்து ஒன்றுக்கு மேல் வேண்டாம், அது பெட்டைக்கோழியையும் விடாது, அதனால் கோழிக்கு உடம்புக்குள் காயமாகும். வாத்து குளிக்கிற தொட்டித் தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாகிவிடும். சுகாதார அதிகாரி வந்து தொட்டியில் டார்ச் அடிக்கிற நாளில் வாத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது.

வான்கோழி வேண்டாம். கோழிக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாத ஒரு கிருமி கோழியின் குடலில் இருக்கும். அதே கிருமி வான்கோழியின் ஈரலைத் தின்றுவிடும். கோழி மேய்ந்த மண்ணிலேயே அது கிடக்கும், வேலி போட்டும் பயன் இல்லை.

கேள்வி: தாயோடு குஞ்சுகளையும் பெரிய கோழிகளோடு விட்டிருக்கிறேன். முட்டைக்கோழித் தீனியே எல்லாவற்றுக்கும் போடுகிறேன். சரியா?
- வாசகி, ஜாவி

பதில்: சரியில்லை. முட்டைத் தீனியில் ஓட்டுக்காகச் சுண்ணாம்புச் சத்து அதிகம், வளர்கிற குஞ்சின் சிறுநீரகத்தை அது கெடுக்கும். மாற்றி யோசியுங்கள். எல்லாருக்கும் வளர்கோழித் தீனி போட்டு, உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடுகிறவள் தானே வந்து தின்பாள், குஞ்சு திரும்பிப் பார்க்காது. குஞ்சு மட்டும் நுழைகிற அளவுக்கு ஒரு மூலையில் கம்பி அடைத்து, அதற்குள் அதன் தட்டை வைத்துவிட்டால் இன்னும் நல்லது. என் அம்மா தோட்டத்து லயத்தில் பஞ்சாரத்தை ஒரு செங்கல் உயரம் தூக்கி வைப்பார். குஞ்சு உள்ளே, பெரிய கோழி வெளியே. அது ஒரு செங்கல் செலவு.

கேள்வி: கோழி வலை போட்டு நன்றாக மூடியும் இரண்டு கோழி போய்விட்டது. வலையில் ஓட்டை இருக்கிறது. பியாவாக்கா (உடும்பு), மூசாங்கா (மரநாய்)?
- வாசகர், பாலிக் பூலாவ்

பதில்: பகலில் போயிருந்தால் பெரும்பாலும் பியாவாக். இரவில் போயிருந்தால் மூசாங், அல்லது மலைப்பாம்பு. பாம்பு என்றால் ஓட்டை இருக்காது, உள்ளேயே தின்றுவிட்டு வயிறு வீங்கி வெளியே போக முடியாமல் கிடக்கும். அப்படிக் கண்டால் நீங்கள் பாராங் கத்தியோடு போகாதீர்கள், பொதுத் தற்காப்புப் படையைக் கூப்பிடுங்கள், வந்து பிடித்துக்கொண்டு போவார்கள். யார் தின்றாலும் மருந்து ஒன்றுதான். அறுகோண ஓட்டை போட்ட அந்தக் கோழி வலை கோழி வெளியே போகாமலிருக்கத்தான், திருடன் உள்ளே வராமலிருக்க அல்ல. அரை அங்குலச் சதுரம் போட்ட, பற்றவைத்த கம்பி வலை வாங்குங்கள். விலை வலிக்கும், அதனால் இரவுக் கூட்டுக்கு மட்டுமாவது போடுங்கள். தோண்டி நுழையாமலிருக்க அதே வலையை வெளிப்பக்கம் தரையில் ஓரடி மடக்கி விரித்து மேலே கல் வையுங்கள், புல் வந்து மூடிவிடும். கதவுக்கு வெறும் கொக்கி போதாது. மூசாங்குக்கு விரல் உண்டு.

கேள்வி: ஆயர் ஈத்தாமில் 11-ஆவது மாடி. பால்கனி 4 அடிக்கு 9 அடி. இரண்டு முட்டைக்கோழி வைக்க 36 சதுர அடி போதும்தானே?
- வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: கணக்கு சரிதான் ஐயா, இடம் போதும். மண் இல்லை, கீழ்வீட்டுத் துணிக்கொடி இருக்கிறது, கட்டட நிர்வாகம் இருக்கிறது, விடியற்காலை முட்டையிட்டுவிட்டு அது போடுகிற சத்தம் இருக்கிறது. வேண்டாம். தரைவீட்டில் இருக்கிற அண்ணன் தம்பி யாராவது இருந்தால், அவர்களே மாநகர் மன்றத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு வைக்கட்டும், தீனிச் செலவில் பாதி நீங்கள் கொடுத்து வாரம் ஆறு முட்டை வாங்கிக்கொள்ளுங்கள். காடை வைக்கலாமா என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள், அதுவும் வேண்டாம்.